கணக்கைப் போடுமுன் கதையைச் சொல், கண்ணு

இயற்பியல் கேள்வி - பதில்

அடிப்படை இயற்பியல் கணக்குகளில் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுதச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். நாமக்கல் பக்கம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் 31 வருடம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். நீங்கள் எழுதியிருக்கும் சந்தேகங்களில் பலவற்றை முன் பெஞ்சிலும் பின் பெஞ்சிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிளஸ் ஒன் மாணவி, பெருந்துறை: டீச்சர், எல்லாச் சமன்பாடும் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கணக்கைப் படித்ததும் எதை எடுத்துப் போடுவது என்று தெரியவில்லை. தேர்வறையில் கை அப்படியே நின்றுவிடுகிறது.

கண்ணு, சமன்பாட்டைத் தேடும் வேலையை முதல் அரை நிமிடம் தள்ளி வை. கணக்கில் என்ன நடக்கிறது என்று வீட்டில் அம்மாவிடம் சொல்வதுபோல ஒரு தடவை சொல்லிப் பார். என் வகுப்பில் பேனாவைத் தொடுமுன் எழுந்து நின்று கதையைச் சொல்ல வேண்டும். கதை வராத பிள்ளைக்குக் கணக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பஸ், பிரேக் போட்டதும் 20 மீட்டர் தூரத்தில் நிற்கிறது. அதே பஸ், அதே சாலை, அதே பிரேக். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் வந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

வகுப்பில் இதைக் கேட்டதும் பாதிப் பேர் 30 மீட்டர் என்று கத்துவார்கள். வேகம் ஒன்றரை மடங்கு, அதனால் தூரமும் ஒன்றரை மடங்கு என்பது அவர்கள் எண்ணம். சரி, இப்போது கதையைச் சொல்வோம். பஸ் ஓடுகிறது. ஓடுவதால் அதனிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். டயருக்கும் தார்ச் சாலைக்கும் நடுவில் இருக்கிற உராய்வு பஸ்ஸைப் பின்பக்கமாக இழுக்கிறது. இழுக்க இழுக்க ஆற்றல் கரைகிறது. முழுவதும் கரைந்ததும் பஸ் நிற்கிறது.

இந்தக் கதையில் நேரம் என்ற சொல் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. விசை, தூரம், வேகம் மூன்றும்தான் வந்தன. நேரம் வராத கதைக்கு ஆற்றல் வழி சுருக்கமாக இருக்கும் என்பது என் அனுபவம். உராய்வு விசையைத் தூரத்தால் பெருக்கினால் அது செய்த வேலை. அந்த வேலை இயக்க ஆற்றலுக்குச் சமமாக வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. இழுக்கும் விசை மாறவில்லை என்பதால் தூரமும் இரண்டேகால் மடங்காகும். 20 மீட்டர் 45 மீட்டராகிவிடுகிறது. பஸ்ஸின் நிறையைக் கொடுக்கவில்லையே என்று நீ தயங்கியிருப்பாய். இரண்டு தடவையும் அதே பஸ்தான், அதனால் நிறை தேவைப்படவில்லை.

வேண்டுமானால் இயக்கச் சமன்பாட்டிலும் போட்டுப் பார். மணிக்கு 60 கி.மீ. என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர், 90 என்றால் 25 மீட்டர். முதல் ஓட்டத்தில் எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) ஏறக்குறைய 6.9 மீட்டர் / விநாடி² வரும். அதையே இரண்டாவதற்கும் போட்டால் மறுபடியும் 45 மீட்டர். இரண்டு வழியில் ஒரே விடை வந்தால் தைரியமாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

என் அப்பா லாரி ஓட்டியவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். "வேகம் ஒண்ணரை மடங்கு ஏறுச்சுன்னா நிறுத்தறதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல எடம் வேணும் கண்ணு" என்பார். இந்தக் கணக்கைக் கல்லூரியில் முதல் முறை போட்டு முடித்த அன்று விடையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா இன்னொன்றும் சொல்வார். ஆபத்தைக் கண்ணில் பார்த்ததற்கும் கால் பிரேக்கைத் தொடுவதற்கும் நடுவில் லாரி சும்மா நிற்பதில்லையே என்பார். அந்த நடு நேரத்தை 1 விநாடி என்று வைத்துக்கொள். 60-இல் 16.7 மீட்டர் கூடும், 90-இல் 25 மீட்டர் கூடும். மொத்தம் 37 மீட்டர் எங்கே, 70 மீட்டர் எங்கே! கடிதம் போட்ட நீயும் இன்னும் இரண்டு வருடத்தில் வண்டி ஓட்டத் தொடங்குவாய். இந்த இரண்டு எண்களை மறக்காதே.

பத்தாம் வகுப்பு மாணவர், ராசிபுரம்: ஒவ்வொரு வரியிலும் அலகு எழுதச் சொல்கிறார்கள். கடைசி வரியில் மட்டும் எழுதினால் போதாதா?

போதாது தம்பி. 1983 ஜூலையில் கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்துக்கு எரிபொருள் நிரப்பினார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கு உரிய எண்ணைப் போடாமல் பவுண்டுக்கு உரிய எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதனால் வேண்டியதில் பாதி கூட ஏறவில்லை. நடுவானத்தில் இரண்டு எஞ்சினும் நின்றுபோயின. விமானி அதைக் காற்றில் சறுக்கியே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரில் பழைய விமானத் தளம் ஒன்றில் இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று ஒவ்வொரு வரியிலும் எழுதியிருந்தால் தவறு எந்த வரியில் நுழைந்தது என்று அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

உன் கணக்கிலும் அப்படித்தான். தூரம் கேட்ட கணக்கில் கடைசியில் 'மீட்டர் / விநாடி' என்று வந்து நின்றால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், விடை தவறு. உனக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுக்கிற ஒரே ஆள் அலகுதான். மணிக்குக் கி.மீ. என்பதை விநாடிக்கு மீட்டராக்க 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுக்க வேண்டும் என்று தெரிந்திருப்பாய். ஏன் என்று ஒரு தடவை நீயே போட்டுப் பார்த்துவிடு. ஆயிரம் மீட்டர், மூவாயிரத்து அறுநூறு விநாடி, அவ்வளவுதான்.

ஒரு தாய், திருச்செங்கோடு: என் மகள் 'வெப்பக் கலவை' கணக்கு என்றாலே அழுகிறாள். நான் படித்தது ஆறாவது வரைதான். எப்படி உதவுவது?

அம்மா, நீங்கள் தினமும் காலையில் இந்தக் கணக்கைப் போடுகிறீர்கள். குழந்தைக்குக் குளிக்க வெந்நீர் விளாவுகிறீர்கள் இல்லையா? அதுதான் இது. மகளைக் குளியலறைக்கே கூட்டிப் போங்கள்.

பக்கெட்டில் மொத்தம் 15 லிட்டர் வேண்டும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி. அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி. குளிக்க 40 டிகிரி வேண்டும். எத்தனை லிட்டர் கொதிநீர் ஊற்ற வேண்டும்? கதை என்னவென்றால், கொதிநீர் தன் சூட்டைக் கொடுக்கிறது, பச்சைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, கொடுத்ததும் வாங்கியதும் சமம். கொதிநீர் 100-இலிருந்து 40-க்கு இறங்க வேண்டும், அதாவது 60 டிகிரி. பச்சைத் தண்ணீர் 28-இலிருந்து 40-க்கு ஏற வேண்டும், அதாவது 12 டிகிரி. 60 என்பது 12-ஐப் போல ஐந்து மடங்கு. ஆகவே ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு பச்சைத் தண்ணீர். 15 லிட்டரை ஆறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 2.5 லிட்டர். இரண்டரை லிட்டர் கொதிநீர், பன்னிரண்டரை லிட்டர் பச்சைத் தண்ணீர், முடிந்தது.

செய்து பார்த்தால் 40-க்கு ஓரிரண்டு டிகிரி குறைவாக இருக்கலாம். ஆவியாகப் போனது கொஞ்சம், பக்கெட் வாங்கிக்கொண்டது கொஞ்சம். அந்தக் குறைவு எங்கே போனது என்று மகளையே சொல்ல விடுங்கள். சொல்லிவிட்டாள் என்றால் பாடம் புரிந்துவிட்டது.

அப்புறம், ஹீட்டர் ராடு வைத்திருந்தால் இன்னொரு கணக்கும் கிடைக்கும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 ஜூல் வேண்டும். அதே 15 லிட்டரை 28-இலிருந்து 40-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 7,50,000 ஜூல் தேவை. 1500 வாட் ராடு விநாடிக்கு 1500 ஜூல் தருகிறது. வகுத்தால் 500 விநாடி, எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். கரண்டு செலவு ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு. வெப்பப் பாடமும் மின்சாரப் பாடமும் வேறு வேறு என்று பிள்ளைகள் நினைப்பது புத்தகத்தில் தனித்தனிப் பாடமாக இருப்பதால்தான். வாளித் தண்ணீரில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ராடு செருகியிருக்கும்போது தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்பதைக் கணக்குக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

பிளஸ் ஒன் மாணவர், சேலம்: 30 டிகிரியில் உள்ள 200 கிராம் தண்ணீரில் 0 டிகிரி பனிக்கட்டி 100 கிராம் போட்டால் கடைசி வெப்பநிலை என்ன? எனக்கு மைனஸ் 6.5 வருகிறது. நான்கு தடவை போட்டுவிட்டேன். எங்கே தவறு?

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் கூட்டல் கழித்தலில் ஒரு தவறும் இல்லை. தவறு முதல் வரியில், நீ எழுதாமலே நம்பிக்கொண்ட ஒரு விஷயத்தில் இருக்கிறது.

நீ எழுதியது இது: பனிக்கட்டி உருக ஒரு கிராமுக்கு 334 ஜூல். 100 கிராமும் உருகுகிறது. உருகிய தண்ணீர் சூடாகிறது. அந்த வெப்பத்தை 200 கிராம் தண்ணீர் கொடுக்கிறது. 'நூறு கிராமும் உருகுகிறது' என்று உன்னிடம் யார் சொன்னார்கள்? கணக்கில் அப்படி இல்லை.

முதலில் கொடுப்பவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார். 200 கிராம் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 0 வரைக்கும் இறங்கினால்கூட 200 × 4.2 × 30, அதாவது 25,200 ஜூல்தான் கொடுக்க முடியும். பனிக்கட்டி முழுவதும் உருகக் கேட்பது 33,400. கையில் இருப்பதை விடக் கேட்பது அதிகம். எனவே முழுவதும் உருகாது. 25,200-ஐ 334-ஆல் வகுத்தால் 75 கிராம்தான் உருகும். மீதி 25 கிராம் கட்டியாகவே மிதக்கும். தண்ணீரும் கட்டியும் சேர்ந்து இருப்பதால் வெப்பநிலை 0 டிகிரி. இதுதான் விடை.

உனக்கு வந்த மைனஸ் 6.5-ஐப் பார்த்ததும் 'இது நடக்காதே' என்று நின்றாய் பார், அந்த இடம்தான் முக்கியம். 0 டிகிரிக் கட்டியைப் போட்டு மைனஸ் தண்ணீர் எப்படி வரும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. பல பிள்ளைகள் மைனஸ் 6.5 என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நீ நான்கு தடவை திரும்பிப் பார்த்தாய். ஐந்தாவது தடவை கூட்டலைப் பார்க்காமல் கதையைப் பார்த்திருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய்.

ஐ.டி.ஐ. மாணவர், கரூர்: 40 வாட் குண்டு பல்பையும் 100 வாட் குண்டு பல்பையும் தொடரில் இணைத்தால் 40 வாட்தான் அதிக வெளிச்சம் தரும் என்கிறார் எங்கள் சார். நம்ப முடியவில்லை.

உங்கள் சார் சொன்னது சரி. பல்பின் மேல் அச்சடித்திருக்கும் வாட், அதற்கு முழு 230 வோல்ட்டும் கிடைத்தால் எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது. தொடரில் போட்டால் எந்தப் பல்புக்கும் முழு 230 கிடைப்பதில்லை. இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பல்புக்குச் சொந்தமானது அதன் மின்தடை என்று வைத்துக் கணக்குப் போடு. 230-ஐ இருமடியாக்கி வாட்டால் வகுத்தால் 40 வாட் பல்புக்கு ஏறக்குறைய 1320 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடரில் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், 0.124 ஆம்பியர். மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கு. 40 வாட் பல்பில் 20 வாட், 100 வாட் பல்பில் 8 வாட். எது அதிகம்?

முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மீதியை அடுத்ததற்கு விடும் என்று மனதில் ஒரு படம் இருக்கும். அதை எடுத்துப் போட்டுவிடு. தண்ணீர்க் குழாயில் உள்ளே போன தண்ணீர் அத்தனையும் வெளியே வருகிற மாதிரி மின்னோட்டம் குறைவதே இல்லை. குறைவது மின்னழுத்தம். உண்மையில் வித்தியாசம் இன்னும் கூடுதலாகவே தெரியும். 100 வாட் பல்பின் இழை சரியாகச் சூடேறாமல் இருப்பதால் அதன் மின்தடை நாம் போட்ட 529-ஐ விடக் குறைவாகவே நிற்கும். புத்தகக் கணக்கில் அதை விட்டுவிடுகிறோம்.

வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பட்டறையில் சார் கூட இருக்கும்போது செய், அல்லது வேறு வேறு டார்ச் பல்பு இரண்டை எடுத்து பேட்டரியில் போட்டுப் பார். கோவில் திருவிழா சீரியல் செட்டில் ஒன்று போனால் வரிசையே அணைவதும் இதே தொடர் இணைப்புதான்.

மாணவி, பவானி: மேசை மேல் புத்தகம். எடை கீழ்நோக்கி, மேசை தரும் விசை மேல்நோக்கி. இரண்டும் சமம், எதிர்த்திசை. இதுதானே நியூட்டனின் மூன்றாம் விதி?

இல்லை கண்ணு. மூன்றாம் விதியின் இரண்டு விசைகளும் ஒரே பொருள் மேல் ஒருபோதும் இருக்காது. நீ சொன்ன இரண்டும் புத்தகத்தின் மேல் இருக்கின்றன. பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால், அதன் ஜோடி புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளினால், அதன் ஜோடி புத்தகம் மேசையைத் தள்ளுவது.

எடையும் மேசையின் விசையும் சமமாக இருப்பது புத்தகம் முடுக்கம் இல்லாமல் சும்மா இருப்பதால். அதே புத்தகத்தை லிஃப்டில் வை, சமம் போய்விடும். 50 கிலோ ஆள் எடைக்கருவி மேல் நிற்கும்போது லிஃப்ட் 2 மீட்டர் / விநாடி² முடுக்கத்தில் மேலே கிளம்பினால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-உடன் இந்த 2-ஐக் கூட்டி, கருவி 50 × 11.8 = 590 நியூட்டன் காட்டும், ஏறக்குறைய 60 கிலோ ஆளின் எடை. பூமி இழுப்பது கூடவில்லை. தரை தள்ளுவதுதான் கூடியிருக்கிறது. பொருளைத் தனியாக ஒரு கட்டமாக வரைந்து அதன் மேல் இருக்கிற விசைகளை மட்டும் அம்புக்குறி போட்டால் இந்தக் குழப்பம் வராது. படம் போடாமல் விசைக் கணக்குக்குள் போகாதே.

வாசகர், ஜோலார்பேட்டை: மோதல் கணக்கில் உந்தம் காப்பா, ஆற்றல் காப்பா?

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். வெளியிலிருந்து விசை இல்லாதவரை உந்தம் எப்போதும் காப்பு, அதாவது மொத்தம் மாறாது. இயக்க ஆற்றல் அப்படி இல்லை. உங்கள் ஊர் ரயில் ஊர் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். 20 டன் சரக்குப் பெட்டி விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கிற 40 டன் பெட்டியில் மோதி இணைந்துகொள்கிறது. உந்தப்படி இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகரும். இயக்க ஆற்றலைப் போட்டுப் பார்த்தால் முன்பு 90,000 ஜூல், பின்பு 30,000. மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது. பெட்டிகள் இணையும்போது 'டமார்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தத்திலும் இரும்பின் சூட்டிலும்தான் அது போனது. ஒட்டிக்கொண்டால் இயக்க ஆற்றல் காப்பு என்று எழுதக்கூடாது.

பரிசல் ஓட்டுநரின் மகன், பென்னாகரம்: சின்னக் குளத்தில் பரிசல், அதில் ஒரு பாறாங்கல். கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டால் குளத்து நீர்மட்டம் ஏறுமா இறங்குமா? வீட்டில் சண்டையே நடக்கிறது.

இறங்கும் தம்பி. கல் 50 கிலோ என்று வைப்போம். பரிசலில் இருக்கும்போது கல்லின் எடையைத் தண்ணீர் தாங்க வேண்டும். 50 கிலோ எடையைத் தாங்க 50 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். குளத்தின் அடியில் கிடக்கும்போது கல் தன் பருமனுக்கு மட்டுமே தண்ணீரை விலக்கும். கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு என்றால் அதன் பருமன் 20 லிட்டர். முன்பு 50, இப்போது 20. மட்டம் இறங்கத்தான் வேண்டும். எடையின் மீதியை யார் தாங்குகிறார்கள்? குளத்துத் தரை. ஒரு பாத்திரம், மிதக்கிற கிண்ணம், அதில் ஒரு இரும்புப் படிக்கல், ஓரத்தில் பேனாக் கோடு. இன்று இரவே சண்டை தீர்ந்துவிடும்.

வாசகி, மோகனூர்: கிணற்றில் தண்ணீர் மேலோட்டமாகத் தெரிவது ஏன்? கணக்கிட முடியுமா?

முடியும். அடியிலிருந்து வரும் ஒளி தண்ணீரை விட்டுக் காற்றுக்குள் வரும்போது வளைகிறது. கண் அது நேராக வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் உண்மை ஆழத்தைத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33-ஆல் வகுத்தால் தோற்ற ஆழம். 12 அடித் தண்ணீர் 9 அடியாகத் தெரியும். சாய்ந்து பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும்.

என் சித்தப்பா மகன் பதினோரு வயதில் தோட்டத்துக் கிணற்றுப் படியில் நின்று எட்டிப் பார்த்தான். அடியில் கிடந்த குடம் தெளிவாகத் தெரிந்தது. நெஞ்சளவுதான் இருக்கும் என்று இறங்கிவிட்டான், நீச்சல் தெரியாது. கமலைக் கயிற்றைப் போட்டு இழுத்தார்கள், பிழைத்தான். ஒளிவிலகல் பாடம் எடுக்கும் ஒவ்வொரு வருடமும் அவன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கரும்பலகையில் படம் போடுவேன். கோடை விடுமுறை வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த 12-ஐயும் 9-ஐயும் சொல்லிவையுங்கள்.

இளம் ஆசிரியர், தருமபுரி: என் மாணவர்கள் கணக்கை நன்றாகப் போடுகிறார்கள். ஆனால் எளிய கேள்வி ஒன்றைச் சுற்றிக் கேட்டால் விழிக்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?

இது உங்கள் ஒருவருக்கு நேர்ந்ததில்லை. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற பேராசிரியருக்கும் 1990 வாக்கில் இதே அனுபவம் நடந்தது. அரிசோனாவில் டேவிட் ஹெஸ்டினஸும் அவருடன் இருந்தவர்களும் விசை பற்றி எண்களே இல்லாத கேள்விகளாக ஒரு சோதனை உருவாக்கியிருந்தார்கள். மசூர் அதைத் தன் வகுப்பில் வைத்தார். கடினமான கணக்குகளைப் போடுகிற பிள்ளைகள் அதில் தடுமாறினார்கள். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று ஒரு மாணவி அவரைக் கேட்டாராம். அதன் பிறகு அவர் பாடம் எடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டார். கேள்வியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட விட்டார்.

நான் அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வியை ஒவ்வொரு வருடமும் கேட்பேன். பெரிய லாரியும் மொபெட்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது எதன் மேல் அதிக விசை செலுத்துகிறது? லாரிதான் என்று வகுப்பே சொல்லும், நாமக்கல் பிள்ளைகள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். மூன்றாம் விதியை அன்று காலையில்தான் ஒப்பித்திருப்பார்கள்! விசை இரண்டுக்கும் சமம். நிறை குறைந்த மொபெட்டுக்கு முடுக்கம் பயங்கரமாக இருப்பதால் அது நொறுங்குகிறது. இதை நான் சொல்லிவிடாமல் பதினைந்து நிமிடம் அவர்களையே பேச விடுவேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கணக்கு குறையும், பரவாயில்லை. கல்லை மேலே எறிந்தால் உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்றும் கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்பார்கள். வேகம்தான் பூஜ்யம், முடுக்கம் அங்கேயும் 9.8 தான். பூஜ்யமாக இருந்தால் கல் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்று அவர்களில் ஒருத்தி சொல்லும்வரை காத்திருங்கள்.

ஓய்வுபெற்றவர், வயது 64, ஆத்தூர்: இயற்பியலை மறுபடி படிக்க ஆசை. முதல் கணக்கு எது?

ஐயா, அடுத்த மழைக்குக் காத்திருங்கள். வீட்டுக்குள்ளே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மின்னல் தெரிந்ததும் விநாடியை எண்ணுங்கள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பது எண்ணியதும் இடி கேட்டால் மூன்று கிலோமீட்டர். ஒளிக்கு ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று உங்களுக்கே தோன்றும், அதையும் போட்டுப் பாருங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ போகவேண்டாம்.

அடுத்த இதழுக்கு எல்லோருக்கும் ஒரு கணக்கு: பாழுங்கிணற்றில் ஒரு கல்லை நழுவவிட்டேன். சரியாக 2 விநாடி கழித்து 'டொப்' என்று கேட்டது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? 19.6 மீட்டர் என்று எழுதுகிறவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்றும் சேர்த்து எழுத வேண்டும். விடை மட்டும் போதாது, கல் கையை விட்டதிலிருந்து சத்தம் காதுக்கு வந்தது வரை உள்ள கதையையும் உங்கள் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.